பலாவில் கட்டிய கம்பி

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். இத்தனை வருஷமாகச் சாரக் கயிறு முறுக்கிய விரல்கள் இவை. பேனாவைப் பிடித்தாலும் கம்பியைப் பிடித்த மாதிரி அழுத்திவிடுகிறேன். தாளின் பின்பக்கம் எழுத்தெல்லாம் புடைத்து நிற்கிறது. வள்ளியூர்ப் பக்கம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கு வந்து, மலையாளப் பலகைகளையே பார்த்துப் பார்த்து, இருந்த தமிழெழுத்தும் கொஞ்சம் கலங்கிவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்தது புயல் அடித்த நாளைப் பற்றி. வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் முன்னால் நிறுத்தினால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

கரமனையில் அக்கிரகாரத் தெருக்களைத் தாண்டி ஆற்றுக்கு இறங்கும் ஒரு சந்தில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். முன்னால் இருக்கும் மாடி வீடு வீட்டுக்கார அம்மாவுடையது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார், மகன் வெளிநாட்டில். சந்து முழுக்க அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவர் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட இரண்டு அறையும் ஓர் அடுக்களையும் எங்களுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறு, ஒரு கறிவேப்பிலை மரம், அப்புறம் அந்தத் தென்னை.

தென்னையை நட்டது டீச்சரின் கணவர். மாடி வீட்டு நிழலுக்கு ஒதுங்கி வெளிச்சத்தைத் தேடிப் போய், அது எங்கள் கூரைப் பக்கமாகச் சாய்ந்து வளர்ந்துவிட்டது. இந்த ஊரில் சாய்ந்த தென்னையை யாரும் சட்டென்று வெட்ட மாட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய மரத்தோடு கம்பி போட்டு இழுத்துக் கட்டுவார்கள். அது பாட்டுக்குச் சாய்ந்தபடியே காய்த்துக்கொண்டிருக்கும். டீச்சரும் கட்டச் சொன்னார். கட்டியது நான். கம்பி மரத்தை அறுக்காமலிருக்கப் பழைய டயர்த் துண்டை வைத்து, காற்றில் மரம் கொஞ்சம் அசைய இடம் விட்டு, மறுமுனையைக் கொல்லை மூலையில் நின்ற பலாவில் கட்டினேன். சாரம் கட்டுகிறவனுக்கு முடிச்சுதான் உயிர். அந்த முடிச்சில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சந்தேகம் என் மனைவிக்கு. எங்கள் ஒரே மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்றதும் அவளுக்குத் தென்னையைத் தவிர வேறு நினைப்பில்லை. ஒரு நாள் தேங்காய் நெற்று ஒன்று விழுந்து அடுக்களை ஷீட்டில் ஓட்டை போட்டது. நேரே கிணற்றடிக்குப் போனாள்.

"என் மவ தலையில விழுந்த பொறவுதான் இத வெட்டுவீயளா, டீச்சர்?"

டீச்சர் வாளியைக் கீழே வைத்தார். "அங்ஙேரு நட்ட மரமாக்கும் அது. அத்தறைக்குப் பேடி உண்டெங்கில் நீ வேற வீடு நோக்கிக்கோ."

அவ்வளவு பயமிருந்தால் வேறு வீடு பார்த்துக்கொள் என்கிறார். அவ்வளவுதான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அதற்கு முன்னால் இங்கிருந்து குழம்பு போகும், அங்கிருந்து அவியல் வரும். எல்லாம் நின்றது. கையெட்டும் தூரத்தில் கறிவேப்பிலை தழைத்து நிற்க, என் மனைவி கடையில் போய் வாங்கிவந்தாள். நான் இருவருக்கும் நடுவில் தலையைக் குனிந்தபடி போய்வந்தேன்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று டீச்சர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். என் மனைவி குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

குழந்தை பிறந்து பதினோராம் நாள் புயல் வந்தது.

மூன்று நாளாக மழை விடாமல் பெய்திருந்தது. அன்று காலை நான் தம்பானூரில் வேலையில் இருந்தேன். ஒரு லாட்ஜுக்கு மேல் மாடி எழும்பிக்கொண்டிருந்தது. முன்பக்கம் முழுக்கச் சாரம். காண்ட்ராக்டர் போனில் கத்தினார்: கட்டியதை எல்லாம் அவிழ்த்து இறக்கு, ஒரு பலகை பறந்தாலும் கீழே நிற்கிறவன் தலை இருக்காது என்றார். அவிழ்க்க அவிழ்க்கக் காற்று ஏறியது. பலகை ஒவ்வொன்றையும் இரண்டு பேர் நெஞ்சோடு அணைத்துத்தான் இறக்க முடிந்தது. மேலே இருந்து பார்த்தால் ரயில்வே ஸ்டேஷனுக்கு அப்பால் வானம் கன்றிப்போன மாதிரி கறுத்துக் கிடந்தது. எனக்கு உடனே வீட்டுக்குப் போக வேண்டும். அதைக் கேட்க வாய் வரவில்லை. பக்கத்தில் நின்ற சங்கரன்கோவில்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கத்தினார்.

"இந்த அண்ணாச்சிய விடும்யா. வீட்ல பச்சப்புள்ள கெடக்கு. மனுசன் மண்டைய மண்டைய ஆட்டிக்கிட்டு நிக்காரு, வாயத் தொறப்பனாங்காரு."

காண்ட்ராக்டர் கையை வீசினார். நான் ஒரு நீலத் தார்ப்பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினேன். பஸ் இல்லை. ஆட்டோக்காரர்கள் வண்டியை மூடிவிட்டு டீக்கடையில் ஒதுங்கியிருந்தார்கள். கிள்ளிப்பாலம் வழியாக நடந்தேன். நடந்தேன் என்று சொல்லக்கூடாது. காற்று தள்ளியது, நான் நடுநடுவே போஸ்ட் கம்பங்களைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கடையின் போர்டு கழன்று ரோட்டின் குறுக்கே சறுக்கிக்கொண்டு போனது. அப்போதும் நினைப்பெல்லாம் அந்த முடிச்சில்தான். முடிச்சு நிற்கும், முடிச்சு நிற்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் மனைவி அண்டா குண்டானில் எல்லாம் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். சோறு வடித்து, அடுப்பை அணைத்து, போனைச் சார்ஜ் போட்டு, துணிமணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தாள். கரண்ட் அப்போதே போய்விட்டிருந்தது. உள்ளறையில் மகள் சுவரோரம் பாயில் படுத்திருந்தாள். சேலைத் தொட்டிலில் குழந்தை தூங்கியது. தலைக்கு மேலே ஷீட் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, எனிக்குப் பேடியா இருக்கு," என்றாள் மகள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். பயம் வந்தால் அவளுக்கு மலையாளம்தான் முந்தும்.

நான் கொல்லைக்குப் போனேன். தென்னை சுழன்று ஆடியது. கம்பி தளர்வதும் விறைப்பதுமாக இருந்தது. டயர்த் துண்டு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. மறுமுனையைப் பார்க்கப் பலாவடிக்குப் போனேன். முடிச்சு அப்படியே இருந்தது. ஆனால் என் கால் புதைந்தது. குனிந்து பார்த்தேன். பலாவின் தூரைச் சுற்றி மண் பிறைநிலா மாதிரி வெடித்திருந்தது. கம்பி விறைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த வெடிப்பு வாய் திறந்து மூடியது. உள்ளே வெள்ளையாக வேர் தெரிந்தது.

எத்தனை நல்ல முடிச்சாக இருந்து என்ன? கட்டிய மரமே நிற்கப்போவதில்லை. பலா சாய்ந்தால் அதோடு தென்னையும் வரும். தென்னை வந்தால் என் மகள் படுத்திருக்கும் கூரைமேல்தான் வரும்.

மனைவியிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. ஆட்களைத் தங்க வைக்கிற பள்ளிக்கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். இந்தக் காற்றில் பச்சை உடம்புக்காரியையும் சிசுவையும் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது. கிணற்றுக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், கான்கிரீட் வீடு இருக்கிறது. இருவரும் அதைத்தான் பார்த்தோம்.

"நான் போமாட்டேன்," என்றாள். "ரோசத்துக்குச் சொல்லல. பதினாறு கழியாத தீட்டு வீடு நாம. அவ்வொ வீட்டுல பூஜை ரூம் இருக்கு. வாசல்ல போயி நின்னு, அவ்வொ மூஞ்சியச் சுளிச்சுட்டா எம்மவ அந்த மழையில எங்க திரும்புவா? நீங்க போயி மொதல்ல கேளுங்க. சரின்னா கூட்டிட்டு வாரேன்."

போனேன். வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் பண்ணினேன். அடுக்களைக் கதவைத் தட்டுவதற்கு முன்பே டீச்சர் திறந்துவிட்டார். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"எந்தரு அண்ணாச்சி? மழையத்து நிக்காதே. கேறி உள்ள வா."

"டீச்சரே..." என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். தயார் பண்ணியது எல்லாம் மழையில் கரைந்துபோயிற்று. "...தீப்பெட்டி இருக்குமா?"

தீப்பெட்டியும் மெழுகுவர்த்திக் கட்டும் கொடுத்தார். "குஞ்ஞு உறங்கியோ?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி.

மெழுகுவர்த்தியை நீட்டினேன். அவள் அதையும் என்னையும் பார்த்தாள். "நாம என்ன சாமி கும்பிடவா போறோம்? திரும்பப் போங்க."

இரண்டாம் தடவை போனபோது கறிவேப்பிலை மரம் ஒடிந்து கிணற்றின்மேல் கிடந்தது. தாண்டிப் போனேன். டீச்சர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். காற்றில் அவர் முடியெல்லாம் பறந்தது.

"அந்தப் பலா..." என்றேன்.

"பலாவுக்கு எந்து பற்றி?"

"மண்ணு... எளகியிருக்கு."

"அய்யோ," என்றார். கொல்லைப் பக்கம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்க் நிறையச் சுடுதண்ணீரும் ஒரு பாக்கெட் ரஸ்கும் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "பெற்று கெடக்குந்ந பெண்ணல்லே. சூடா எந்தெங்கிலும் கொடு. வேற எந்தெங்கிலும் வேணோ அண்ணாச்சி? சொல்லு."

சொல்லு என்று அவரே சொல்கிறார். நானோ "வேண்டாம் டீச்சரே," என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை மட்டும் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"கேட்டீங்களா?" என்றாள் மனைவி, நான் உள்ளே நுழைந்ததும்.

"சுடுதண்ணி தந்தாங்க."

"நான் சுடுதண்ணியா கேட்டேன்?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒங்களக் கட்டிக்கிட்டு..." அவள் முடிப்பதற்குள் கொல்லை மூலையில் ஒரு சத்தம் கேட்டது. ஈரத் துணியைக் கிழிப்பது மாதிரி, ஆனால் மண்ணுக்கு அடியிலிருந்து.

அது வேர் அறுகிற சத்தம் என்று எனக்குத் தெரிந்தது. இனிமேல் கேட்க நேரமில்லை. கேட்கவும் எனக்கு வராது. குழந்தையைக் குளிப்பாட்டுகிற பிளாஸ்டிக் டப் மூலையில் இருந்தது. அதில் ஒரு பழைய சேலையை விரித்தேன். தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கி அதில் கிடத்தினேன். மேலே தார்ப்பாயை மூடி, டப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே இறங்கினேன். காலையில் பலகைகளை இறக்கிய அதே பிடி.

"அப்பா! எவிடே கொண்டு போறீங்க?" மகள் பின்னால் அலறினாள்.

நான் திரும்பவில்லை. கிணற்றடியில் ஒரு தடவை கால் வழுக்கியது. முழங்கால் கல்லில் மோதியது, டப்பை விடவில்லை. டீச்சர் கதவைத் திறந்தபடி நின்றார். டப்பை அவர் கைகளில் வைத்தேன். தார்ப்பாயை விலக்கினேன். குழந்தை ஒரு சொட்டு நனையவில்லை. கண்ணைத் திறந்து டீச்சரைப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதது.

"என்டெ பகவதி!" என்றார் டீச்சர். அவர் கண் நிறைந்துவிட்டது. டப்போடு உள்ளே ஓடினார். பின்னாலேயே மகள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முக்காட்டை மறந்து, மழையில் நனைந்தபடி வந்து படியேறினாள். அவளுக்குப் பின்னால் மனைவி.

மனைவி வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டாள். மழை அவள் தலையில் கொட்டியது.

"உள்ள வா," என்றார் டீச்சர்.

"தீட்டு கழியல டீச்சர். நான் இங்ஙன நிக்கேன். அவ மட்டும்..."

"தீட்டோ? ஈ காற்றிலோ?" டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "காலைலேருந்து இந்த ஜன்னல்ல நிக்கேன் நான். வா எந்நு விளிக்கணும்னுதான் நிக்கேன். நிங்ஙள் பாண்டிக்காருக்குப் பெற்ற வீட்டிலிருந்து வெளிய இறங்கக்கூடாதுன்னு ஆச்சாரம் உண்டல்லோ. நான் விளிச்சா நீ மொகத்திலே கதவைச் சாத்துவாய்ன்னு பயந்தாக்கும் நிண்ணது. ஈ மனுஷன் வந்தா ஒரு தடவ தீப்பெட்டி, ஒரு தடவ பலா! வாயில எந்தா, சிமெண்டோ?"

என் மனைவி சிரித்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். அப்போதும் படி தாண்டவில்லை. டீச்சர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

கதவைச் சாத்தி, நாங்கள் அடுக்களை ஜன்னலில் நின்றோம். பலா மெதுவாகத்தான் சாய்ந்தது. மதிலுக்கு வெளிப்பக்கம், ஆற்றை நோக்கி. வேரோடு ஒரு பெரிய மண்கட்டி எழும்பி நின்றது. கம்பி விறைத்து ஒரு முனகல் கேட்டது. அது தென்னையைப் பின்னால் இழுத்தது. இத்தனை வருஷத்தில் அந்தத் தென்னை நேராக நின்று நான் பார்த்தது அப்போதுதான். ஒரு மூச்சு விடும் நேரம் நின்றது. பிறகு கம்பி அறுந்தது. வளைத்த வில்லை விட்ட மாதிரி மரம் எங்கள் கூரைக்குத் திரும்பி வந்தது.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். என் மனைவி மூடவில்லை.

சாயங்காலம் காற்று தணிந்ததும் நான் போய்ப் பார்த்தேன். அடுக்களை முழுக்கத் தரைமட்டம். உள்ளறைக் கூரை பாதி இல்லை. சேலைத் தொட்டில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு தூசுகூட விழாமல். சுவரோரம் மகள் படுத்திருந்த பாய்மேல் தென்னையின் தலை கிடந்தது. நான் அந்த அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வெளியே வந்து கம்பியைத் தேடினேன். முடிச்சு இரண்டும் அவிழவில்லை. நடுவில்தான் அறுந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

கரண்ட் வரப் பல நாளாயிற்று. மோட்டார் ஓடாததால் கிணற்றில் வாளி போட்டு இறைத்தோம். தண்ணீர் கலங்கி இலைவாடை அடித்தது. கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டிக் குடித்தோம். கொதிக்கவைப்பதற்கு விறகு, விழுந்த பலாவின் கிளைதான். பச்சை மரமானதால் வீடெல்லாம் புகை. குழந்தைத் துணி காயவில்லை என்று டீச்சர் தன் பூஜை அறையில் கயிறு கட்டிக் காயப்போட்டார். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு வாயில் கைவைத்து நின்றாள். டீச்சரின் சிறிய ரேடியோவில் செய்தி கேட்டோம். கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளைப் பற்றிச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எங்கள் கூரையைப் பற்றி யாரும் புலம்பவில்லை.

தென்னையை அறுத்து எடுக்க ஆள் கிடைக்கச் சில நாள் ஆயிற்று. ஊர் முழுக்க மரம் விழுந்து கிடந்ததால் ரம்பக்காரர்களுக்கு நேரமில்லை. அவர்கள் வந்த அன்று டீச்சர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்தார். ரம்பம் ஓடி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. தலைப்பகுதியைப் பிளந்ததும் உள்ளே வெள்ளைக் குருத்து வந்தது. விழுந்த தென்னையின் குருத்தைச் சாப்பிடுவது இரு ஊரிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் என் மனைவி அதைத் தொடவில்லை. முந்தானையைப் பிசைந்துகொண்டு டீச்சர் முகத்தையே பார்த்தாள். அவர் கணவர் வைத்த மரம். வெட்டச் சொல்லிச் சண்டை போட்டவள் இவள். எந்த வாயால் தின்பது?

டீச்சர்தான் எழுந்துவந்தார். கத்தியை வாங்கி, குருத்தை மெல்லிசாக நறுக்கி, முதல் துண்டை என் மகளிடம் கொடுத்தார். அடுத்ததை என் மனைவியிடம் நீட்டினார்.

"தின்னு. நல்ல மதுரம் உண்டு. அங்ஙேரு பார்த்துப் பார்த்து நட்டதாக்கும்."

மனைவி வாங்கிக்கொண்டாள். இருவரும் மென்றார்கள். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

கூரை போடும்வரை டீச்சர் வீட்டின் முன்னறையிலேயே இருந்தோம். பதினாறாம் நாள் தீட்டுக் கழித்தது அங்கேதான். இருபத்தெட்டாம் நாள் குழந்தைக்குக் கறுப்புச் சரடு கட்ட வேண்டும் என்று டீச்சர் பிடிவாதம் பிடித்து, தன் கையாலேயே கட்டினார். பிறகு மருமகன் வந்து மகளையும் பேத்தியையும் ஊருக்குக் கூட்டிப்போனார். நாங்கள் புது ஷீட்டுக்கு அடியில் திரும்பினோம். நிழல் போய்விட்டதால் இப்போது வெயிலில் வீடு கொதிக்கிறது. மனைவி அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அந்தப் பேத்தி இப்போது ஓடி விளையாடுகிறாள். இந்த வாரம் அம்மாவோடு வந்திருக்கிறாள். நேற்று டீச்சர் ஒரு தென்னங்கன்று வாங்கி வைத்தார். எங்கே நடுவது என்று காலையிலிருந்து கிணற்றடியில் வழக்கு நடக்கிறது.

"இங்க நட்டா மறுபடியும் எங்க கூரைக்குத்தான் வரும், டீச்சர்."

"நினக்கு மரத்தைக் கண்டாலே பேடி. அண்ணாச்சி, நீ சொல்லு, எங்க நடணும்?"

இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் வழக்கம்போலத் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே வந்து, இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அன்று இரண்டு தடவை கொண்டுபோய்ச் சொல்லாமல் திரும்பிய வாக்கியம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன். இதை முதலில் டீச்சரிடம்தான் கொடுக்கப்போகிறேன்; அவருக்குத் தமிழ் வாசிக்க வராது, என் மகள் வாசித்துக் காட்டுவாள்.

டீச்சரே, என் மகளையும் பிள்ளையையும் இன்றைக்கு உங்கள் வீட்டில் இருக்க விடுவீர்களா?

கரமனை, கார்த்திகை மாதம் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.